ஆல்பேட்டை சோதனைச் சாவடி

வில்லியனூர் மாதா தேருக்கு
இரண்டு பேண்டு.
முன்னால் சவரிராயலுவின் டிரம்பெட்,
பின்னால் கடலூர் முதுநகரிலிருந்து
கூலிக்குப் போன என் சாக்ஸபோன்.
தேர் திரும்பும் முக்கில்
மெழுகுவத்திப் புகைக்கு நடுவே
இரண்டாம் வரி முடிகிற இடம்.
காகலி நிஷாதம் ஏறும் என்று நான் காத்திருக்க
அவர் கைசிகியில் சரிந்தார்.
அரைப்படி,
அவ்வளவுதான்.
வாழைத்தோலில் வழுக்கியவன்
விழாமல் நடந்துபோன மாதிரி.

நாலே சுரம்.
அன்று இரவு கடைசிப் பஸ்ஸில்
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு
வாயைத் திறக்காமல் வந்தேன்,
திறந்தால் சிந்திவிடும்.
கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில்,
தென்பெண்ணைப் பாலம்,
ஆல்பேட்டை.
போலீஸ்காரர் பெட்டியைத் திறக்கச் சொல்லி
சாக்ஸபோனின் புனலுக்குள் டார்ச் அடித்தார்,
மோந்து பார்த்தார்.
ஒரு குவார்ட்டர்கூட இல்லை.
"போ" என்றார்.
புதுச்சேரிச் சரக்கு
என் பற்களுக்குப் பின்னால் இருந்தது.

வீட்டில் வைத்துக் கலந்தேன்.
கைசிகியை நேரே நிறுத்தாமல்
தைவதத்திலிருந்து இழுத்து, ஒரு சுழி.
பண்ருட்டிப் பலாமண்டிக்காரர் மகளுக்கு
முருங்கப்பாக்கத்தில் மாப்பிள்ளை.
ஊர்வலத்தில் அதைத்தான் வாசித்தேன்.
ஜெனரேட்டர் வண்டி தள்ளிய பையன் கேட்டான்,
"அண்ணே, புதுசா?"
"என்னுதுதான்" என்றேன்.
சொல்லும்போது நாக்கு தடுக்கவில்லை.
இதை மறைப்பானேன்.

மாசி மகம், வைத்திக்குப்பம் கடற்கரை.
ஊர் ஊராய் வந்திறங்கிய சாமிகள்,
ஊருக்கொரு மேளம்,
யார் தவில் யாருக்கு அடிக்கிறது என்று
சாமிகளுக்கே தெரியாத நேரம்.
அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து
என் சுழி கேட்டது.
டிரம்பெட்டில்.
நான் இழுத்த அதே நீளத்துக்கு.

களவு கொடுத்தவன் கோபம் வந்தது.
களவாடியவனுக்கும் அது
அதே சூட்டோடு வரும் என்று
அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.
மணலில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு
சவரிராயலுவைத் தேடிப் பிடித்தேன்.
சுண்டல் பொட்டலத்தை நீட்டினார்.

"அந்த இழுப்பா?
முருங்கப்பாக்கத்துல ஒரு மாப்பிள்ளை ஊர்வலம்,
எவனோ ஒரு சாக்ஸபோன்காரன்.
சைக்கிளை நிறுத்திட்டுக் கேட்டேன்.
கெட்டிக்காரப் பய.
பேர் தெரியல."

நான் சுண்டலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
"இல்ல, அந்தக் கைசிகி...
வில்லியனூர்ல நீங்கதான்..."

சிரித்தார்.
"அதுவா! அன்னைக்கு ரெண்டாவது பிஸ்டன் சிக்கிக்கிச்சு.
அழுத்துனது மேலே வரல.
மாதாதான் மானத்தைக் காப்பாத்துனா.
மறுநாளே எண்ணெய் போட்டுட்டேன்.
அப்புறம் வேணும்னே வாசிச்சுப் பார்த்தேன், வரல.
அந்தப் பய வாசிச்சதைக் கேட்டப்புறம்தான்
கைக்கு வந்துச்சு."

பேச்சை நிறுத்தி என் பெட்டியைப் பார்த்தார்.
உள்ளே இருப்பது சாக்ஸபோன் என்று
அவருக்குத் தெரியாதா என்ன.
இன்னொரு பொட்டலம் வாங்கினார்.
காசு நான் கொடுக்க விடவில்லை.

இன்றும் கடைசிப் பஸ்.
இன்றும் டார்ச்.
"உள்ளே என்ன?"
"என்னுது எதுவும் இல்ல சார்."
அந்தச் சாவடியில் சொல்லவே கூடாத பதில்.
இறக்கினார்கள்.
வாசித்துக் காட்டச் சொன்னார்கள்.
ரோட்டோரம் நின்று
நாலு சுரம், பிறகு அந்தச் சுழி.
"எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றார் ஏட்டு.
"எங்கேயோதான் சார்."

டிரைவர் பொறுமையிழந்து ஹாரன் அடித்தார்.
மூன்று சுரம்.
கடைசியது தண்ணீர் புகுந்தது போல்
கொஞ்சம் இறங்கி நடுங்கியது.
படியேறும்போது
இன்னொரு தடவை அடிக்கச் சொல்லலாமா
என்றிருந்தது.